கருவில் இருக்கும் குழந்தைக்குச் சட்டப்படியும் தர்மப்படியும் உரிமை உண்டா?

உண்டு. ஆனால் உயிரோடு பிறந்தால்தான் அது கைக்கு வரும். உங்கள் வீட்டிலும் ஏதோ சொத்துப் பேச்சு ஓடுகிறது என்று நினைக்கிறேன். சும்மா யாரும் இதைக் கேட்க மாட்டார்கள்.

எங்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். சின்னண்ணன் கல்லு லாரி மோதி இறந்தபோது மைனி, அதாவது அவர் மனைவி, மாசமாக இருந்தார். "சின்ன வயசு, கலைச்சிரலாம்" என்று அவர் வீட்டார் மெல்லச் சொன்னதற்கு எங்கள் வீடே கொதித்தது. "எங்க சோரையாக்கும் (ரத்தம்) அது, கொலைப்பாவம்" என்று பெரியண்ணன் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. மைனியும் பெற்றுக்கொள்கிறேன் என்றுதான் சொன்னார்.

பதினாறு முடிந்ததும் பேச்சு மாறியது. சின்னண்ணன் பெயரில் கொஞ்சம் ரப்பர் விளை, உயில் கிடையாது. பிள்ளை இல்லையென்றால் மனைவிக்குப் பாதி, தாய்க்குப் பாதி. பிள்ளை இருந்தால் மூன்று பங்கு. அம்மா பங்கு நாளைக்குத் தனக்குத்தான் என்பது பெரியண்ணன் கணக்கு. பிரசவத்துக்கு முன்பே வாரிசு சான்றிதழ் வாங்கத் துடித்தார். கேட்டால், "வயித்துல கெடக்கதுக்கு ஏது பங்கு?"

மைனியைத் தக்கலையில் ஒரு வக்கீலிடம் கூட்டிப்போனது நான்தான். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், 20-ஆவது பிரிவு: தகப்பன் சாகும்போது வயிற்றில் இருந்து, பிறகு உயிரோடு பிறந்த பிள்ளைக்கு, முன்பே பிறந்த பிள்ளைக்குள்ள அதே உரிமை. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஆட்சேபம் கொடுத்தோம். பெண் பிள்ளை, மூன்றில் ஒன்று இப்போது அவளுக்கு.

"உனக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்க வருகிறவர்களுக்கு: தாயும் மனைவியும் இருக்கையில் தங்கைக்கு அதில் ஒரு சென்ட்கூட வராது.

தர்மம் பற்றி. 2021 திருத்தத்துக்குப் பிறகு, கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவள் இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம் வரை கலைக்கலாம். பதினெட்டு நிறைந்திருந்தால் அவள் சம்மதம் போதும், புகுந்த வீட்டார் கையெழுத்து வேண்டாம். அது நியாயம் என்றே சொல்வேன். அதற்காக என்னைக் கருவுக்கு எதிரி என்று எழுதுங்கள், பரவாயில்லை. அந்தக் கருவின் பங்குக்காகச் சொந்த அண்ணனிடம் பேச்சு முறிந்தவள் நான். பாவம் என்று கத்தியவர்களில் ஒருத்தர்கூட தக்கலைக்கு வரவில்லை.

அந்த லாரிகளை மட்டும் கேட்பாரில்லை. மலையை உடைத்துக் கேரளாவுக்கு ராவும் பகலும் ஓடுகிறது, பள்ளிக்கூடம் விடும் நேரத்திலும். விபத்து வழக்கில் பிள்ளையையும் மனுதாரராகச் சேர்த்திருக்கிறோம். வாய்தா மேல் வாய்தா.