பனிக்காலத்தில் தூவும் உப்பு, தார் ரோட்டையும் அரிக்குமா?

கார் அடிப்பாகத்தை உப்பு தின்பதைப் பார்த்துவிட்டு, ரோட்டுக்கும் அதே கதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். டொராண்டோ பக்கம், ஜல்லியும் தாரும் சேர்ந்த ரோட்டுக் கலவையைச் சோதிக்கும் ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். சாதாரண உப்பு இரும்புக்குத்தான் எமன். நாம் தார் என்று சொல்லும் பிட்டுமெனை அது நேரடியாகப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை.

கெடுதல் சுற்றிவளைத்து வருகிறது. உப்பில் உருகிய ஐஸ் சின்னச் சின்ன இடுக்குகளில் இறங்கும். பனி மேலும் விழ விழ உப்புத்தண்ணீர் நீர்த்துப்போய், ராத்திரி மறுபடி உறையும். தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும். உறைந்தே கிடந்திருக்க வேண்டிய மேல்பரப்பு, இப்படி உருகி உருகி உறைந்தால் தாங்குமா?

அதைப் பார்க்கத்தான் ஆய்வகத்தில் கலவையை உருளையாக இறுக்கி, வெற்றிடத்தில் தண்ணீர் ஏற்றி, மைனஸ் 18 டிகிரியில் 16 மணி நேரம் வைப்போம். அப்புறம் 60 டிகிரி வெந்நீரில் ஒரு நாள். பிறகு படுக்கவைத்து அழுத்திப் பிளப்போம். நனையாத உருளையின் வலிமையில் 80 சதவீதமாவது தேறினால் பாஸ். நான் முதலில் பார்ப்பது எண்ணை அல்ல, பிளந்த முகத்தை. நல்ல கலவை என்றால் முழுக்கக் கறுப்பு. தோற்றதில் தார் உரிந்த ஜல்லி வெள்ளையாகப் பல்லிளிக்கும்.

நிஜமான வில்லன் இருப்பது விமான ஓடுதளத்தில். விமானத்தை அரிக்கும் என்பதால் அங்கே உப்பு கூடாது. முன்பு யூரியா போட்டார்கள். அது நீர்நிலைகளைக் கெடுத்ததால் 1990களில் நார்டிக் நாடுகள் பொட்டாசியம் அசிடேட், ஃபார்மேட் என்ற ஐஸ் உருக்கும் ரசாயனங்கள் பக்கம் போயின. கொஞ்ச வருடத்தில் பின்லாந்து, சுவீடன் ஓடுதளங்களில் தார் இளகி ஜல்லி கழன்றது. அதுவும் குளிரில் அல்ல, வெயில் வந்த பிறகு! உள்ளே தங்கிய அடர்கரைசல், சூட்டில் தாரிலுள்ள அமிலங்களோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடுகிறது. சோப்பு எண்ணெயைக் கரைப்பதுபோல், தார் ஜல்லியை விட்டுத் தண்ணீரோடு போகிறது. அமிலம் குறைந்த கெட்டி பிட்டுமென் அல்லது பாலிமர் சேர்த்தது, இடுக்கு குறைந்த கலவை, இவைதான் அங்கே மாற்று.

என் வீட்டு டிரைவ்வேயில் நானும் உப்புதான் தூவுகிறேன். ஆனால் அக்டோபரிலேயே விரிசல்களை அடைத்துவிடுவேன். மைனஸ் 10க்குக் கீழே போனால் உப்பு வேலை செய்ய ரொம்ப நேரம் எடுக்கும். அன்றைக்கு மணல்தான்.