பழைய படகைக் கடலில் இறக்கலாமா?

(பதில் சொல்பவர், ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில் ஆறு வருடம் டைவிங் வழிகாட்டியாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்.)

எங்கள் ஃபைபர் படகு ஓட்டை விழுந்து கரையில் கிடக்கிறது. வெளிநாட்டில் பழைய கப்பலை மூழ்கடித்து மீன் சேர்க்கிறார்களாமே, நாமும் இதை இறக்கிவிட்டால் என்ன?
– தூத்துக்குடி வாசகர்

வேண்டாம் அண்ணாச்சி. ஃபைபருக்கு எடை போதாது. கல்லைக் கட்டி இறக்கினாலும் ஒரு புயலில் உருண்டு போய்ப் பவளப்பாறையில் மோதும். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கரைக்கு அப்பால் 1972-இல் பழைய டயர்களைக் கட்டுக்கட்டாகப் போட்டார்கள், சுமார் 20 லட்சம். மீன் வரும் என்ற இதே நம்பிக்கைதான். கட்டுகள் அறுந்து, டயர்கள் அலைந்து, பக்கத்தில் உயிரோடு இருந்த பவளத்தை உரசிக் கொன்றன. பிறகு ராணுவ டைவர்கள் வந்து பொறுக்கினார்கள்.

நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றித் தேசியப் பூங்கா வேறு இருக்கிறது. வான் தீவு கரைவதைத் தடுக்க 2015-இலிருந்து இறக்கியதெல்லாம் ஓட்டை வைத்து வார்த்த கான்கிரீட் கட்டிகள். எஞ்சினைக் கழற்றி விற்கப் பாருங்கள்.

கப்பலை மூழ்கடிக்க ஓட்டை போட்டால் போதாதா? ஏன் இவ்வளவு செலவு?
– சென்னை வாசகி

மூழ்கடிப்பது கடைசி நாள் வேலை. அதற்கு முன்னால் எண்ணெய் டேங்குகளைக் கழுவ வேண்டும், ஆஸ்பெஸ்டாஸை எடுக்க வேண்டும், பிசிபி என்ற நச்சு கலந்த வயர்களை உருவ வேண்டும். கதவுகளைக் கழற்றி, டைவர்கள் வெளியேறப் பக்கவாட்டில் வழி வெட்ட வேண்டும். ஒரிஸ்கனி என்ற விமானந்தாங்கிக் கப்பலை 2006-இல் ஃப்ளோரிடாவின் பென்சகோலாவுக்கு அப்பால் இறக்கியபோது அது மூழ்கியது 37 நிமிடத்தில். தயார் செய்ய வருடக்கணக்கு.

இத்தனை செய்தாலும் கப்பல் சொன்னபடி கேட்காது. நான் தினமும் ஆட்களை அழைத்துப் போன ஸ்பீகல் குரோவ் என்ற கப்பல் 510 அடி நீளம். 2002 மே 17 அன்று குறித்த நேரத்துக்கு முன்பே தண்ணீர் ஏறி, குப்புறக் கவிழ்ந்து, மூக்கு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மூன்று வாரத்துக்கு மேல் இதே கோலம். ஆள் வைத்துப் புரட்டினார்கள், வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. சரி, இவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் 2005 ஜூலையில் டென்னிஸ் புயல் வந்து, ஒரு டாலர் வாங்காமல் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனது!

ஓப்பன் வாட்டர் என்ற ஆரம்ப டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டேன். கப்பலுக்குள் போகலாமா?
– கோவை வாசகர்

கூடாது. உங்களுக்கு 18 மீட்டர்தான் எல்லை. அந்த ஆழத்துக்குள் கப்பல் இருந்தால் வெளியே சுற்றிப் பாருங்கள்.

உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஒருநாள் ஸ்பீகல் குரோவின் கீழ்த்தளத்து நடையில் எனக்கு முன்னால் போனவர் காலில் மாட்டிய ஃபின்னை ஒருமுறை ஓங்கி அடித்தார். தரையில் படிந்திருந்த துருச்சேறு மொத்தமும் எழும்பியது. டார்ச் அடித்தால், ஊட்டிப் பனிமூட்டத்தில் ஹைபீம் போட்ட மாதிரி வெளிச்சம் என் முகத்துக்கே திரும்புகிறது. கையை மாஸ்க் மேல் வைத்தால்கூடத் தெரியவில்லை. வாசலில் கட்டிவிட்டு ரீலிலிருந்து விட்டுக்கொண்டே வந்த கயிறு மட்டும் கையில் இருந்தது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதில் வளையமாகப் போட்டு, அவர் கையை என் தோளில் வைத்து, தடவித் தடவி வெளியே வந்தோம். பதினைந்து மீட்டர் தூரம் இருக்கும். அன்று கரையேறியதும் இரண்டு பேரும் பேசவில்லை.

அதே கப்பலுக்குள் 2007 மார்ச்சில் மூன்று பேர் இறந்தார்கள், அனுபவம் உள்ளவர்கள். 30 மீட்டரில் காற்று மேலே இருப்பதைவிட நாலு மடங்கு வேகமாகத் தீரும். அதனால்தான் மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போய், இன்னொரு பங்கில் வெளியே வந்து, கடைசிப் பங்கைத் தொடாமல் வைக்கச் சொல்லித் தருவார்கள். அதற்கென்று தனி கோர்ஸ் இருக்கிறது, படியுங்கள்.

மூழ்கிய கப்பலிலிருந்து ஞாபகார்த்தமாக ஏதாவது எடுத்து வரலாமா?
– மட்டக்களப்பு வாசகர்

ஒரு போல்ட்கூடக் கூடாது. உங்கள் ஊர்க் கடலிலேயே 50 மீட்டருக்கும் கீழே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9-இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டபோது அதில் 300 பேருக்கு மேல் போனார்கள். யார் வீட்டுக் கல்லறையிலாவது செங்கல் பெயர்ப்போமா?