எட்டாம் வகுப்பிலேயே நீட் பயிற்சி வேண்டுமா?

வாசகர் கேள்விகளுக்கு, அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு, தமிழ்வழியில் படிக்கிறாள். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு தனியார் பள்ளியிலிருந்து வீட்டுக்கே வந்து, ஒன்பதாம் வகுப்பிலிருந்து நீட் பயிற்சியும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார்கள். ஆண்டுக்கு எண்பதாயிரம் ரூபாய். இப்போது விட்டால் பிறகு எட்டிப் பிடிக்க முடியாதாம். நகையை அடகு வைத்தாவது சேர்த்துவிடலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: வேண்டாம் அம்மா. நகை வீட்டிலேயே இருக்கட்டும். பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இதில் இருக்கிறது. வீடு தேடி வந்தவர்கள் அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 7.5 சதவீதத்தை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் சட்டம் 2020இல் தமிழ்நாட்டில் வந்தது. அதற்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் வெளியேறினால் அந்த உரிமை அன்றோடு போய்விடும். பதினொன்றில் திரும்பி வந்தாலும் கிடைக்காது. அரசு உதவி பெறும் பள்ளிக்கு மாறினால்கூட இதே கதிதான். இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு உண்டு. இத்தனையையும் கையைவிட்டுப் போகச் செய்துவிட்டு, அதற்கு நீங்களே எண்பதாயிரமும் கட்டுவதா? நினைத்தாலே மனம் கொதிக்கிறது.

நீட் தேர்வின் பாடத்திட்டம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள்தான். 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பயிற்சி மையங்கள் சேர்க்கக் கூடாது, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பிறகே சேர்க்கலாம் என்று 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகமே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது.

அதற்காக இப்போது ஒன்றுமே செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்கூட்டியே தயாராவது மிக நல்லது. எதில் தயாராவது என்பதில்தான் ஏமாற்றுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் நான் பார்த்த பிள்ளைகள் பலர் நியூட்டனின் விதிகளை அட்சரம் பிசகாமல் ஒப்பிப்பார்கள். முக்காலை 0.5ஆல் வகுக்கச் சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நீட் தேர்வில் 180 நிமிடங்களில் 180 கேள்விகள். கால்குலேட்டர் கிடையாது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். அங்கே தடுக்கி விழ வைப்பது பெரும்பாலும் இந்தப் பின்னமும் தசமமும் அலகு மாற்றமும்தான். அவற்றை உறுதியாக்கச் சரியான வயது இதுவே.

வீட்டு மின்விசிறியிலிருந்தே தொடங்கலாம். அதன் திறன் 75 வாட் என்றால், இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 600 வாட் மணி, அதாவது 0.6 யூனிட். முப்பது நாளைக்கு 18 யூனிட். அடுத்து மோட்டார், பிறகு கிரைண்டர். இரண்டு மாதக் கணக்கை அவளே போட்டு, மின்கட்டண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கு எங்கே இடிக்கிறது என்று அவளே தேடுவாள். அந்தத் தேடலை எந்தக் கட்டணம் கட்டியும் வாங்க முடியாது.

நீட் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆனால் வினாத்தாளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதியானது. ஆகவே அறிவியல் பாடத்தில் வரும் ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதிவைக்க ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். 180 கேள்விகளில் 90 உயிரியல். அதற்குப் பாடப்புத்தகத்தை வரி விடாமல் வாசிக்கும் பழக்கம் வேண்டும். அதற்கு இப்போதுள்ள எட்டாம் வகுப்புப் புத்தகமே போதும்.

இன்னொன்று. நுழைவுத் தேர்வுப் பழக்கம் வேண்டுமென்றால் எட்டாம் வகுப்புக்கென்றே என்எம்எம்எஸ் என்னும் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. மனத்திறனில் 90 கேள்விகள், பாடங்களில் 90 கேள்விகள். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை. நாளைக்கே தலைமையாசிரியரைப் பார்த்து, விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள்.

கேள்வி: மகன் பதினொன்றாம் வகுப்பு. அவன் படிக்கும் பள்ளியில் அந்த ஆண்டுப் பாடத்தை மேலோட்டமாக முடித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள். இது அவனுக்கு நல்லதுதானா?
– வாசகர், ஆத்தூர்

பதில்: நல்லதல்ல. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு 2007 முதல் நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து 200க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள். அதனால்தான் பதினொன்றாம் வகுப்பு பல இடங்களில் அனாதையாகக் கிடக்கிறது. ஆனால் மருத்துவத்துக்கான நீட், ஐஐடி, என்ஐடி போன்ற கல்லூரிகளில் பொறியியல் சேர்வதற்கான ஜேஇஇ இரண்டிலும் இரண்டு ஆண்டுப் பாடங்களும் வரும். வெக்டரும் வகையீடும் தெரியாத பிள்ளைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மின்னியல் விளங்காது. கரிம வேதியியலின் அடிப்படையை விட்டுவிட்டால் ஆல்கஹாலும் பீனாலும் வெறும் மனப்பாடமாகிவிடும்.

பள்ளியில் எது நடந்தாலும் வீட்டில் தினமும் ஒரு மணி நேரம் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன பகுதிகள் முதலில் வரட்டும். ஜேஇஇ மெயினின் முதல் கட்டம் ஜனவரியில், பொதுத் தேர்வுக்கு முன்பே நடக்கிறது. எனவே பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்குள் இந்தப் புத்தகங்களை அவன் ஒரு சுற்றாவது முழுதாக முடித்திருக்க வேண்டும். மற்ற பெற்றோர் சிலரையும் அழைத்துக்கொண்டு போய், பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுமையாக நடத்துமாறு பள்ளி நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். பிள்ளைக்குச் சிக்கல் வருமோ என்று தயங்குவீர்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து கேட்டால் அந்தப் பயம் வேண்டியதில்லை.