அண்ணி மேல் விழுந்த பழி (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

போன ஆவணியில் என் மகனுக்குக் காது குத்தினோம். என் ஒரே அண்ணன் பல்லடம் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறான். தாய்மாமன் சீர் பெரிதாக வரும் என்று புகுந்த வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அண்ணனும் அண்ணியும் முகூர்த்தத்துக்குச் சற்று முன்புதான் வந்தார்கள். ஐந்தே தட்டு. தோடு இருந்தது, பையனுக்குச் செயின் இல்லை. அண்ணி யாரிடமும் சரியாகப் பேசவில்லை, சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். பந்தியில் என் நாத்தனார், "என்ன, உங்க அண்ணன் சீர் இவ்வளவுதானா?" என்று கேட்டார். "அண்ணன் செய்யணும்னுதான் நினைப்பான், அந்தம்மா விடணுமே" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பாவு நூல் ஒழுங்காக வராமல் மாதக்கணக்கில் பாதித் தறி நின்றிருக்கிறது. அந்தத் தோடும் தட்டும் வந்ததே அண்ணி தன் சங்கிலியை அடகு வைத்த பணத்தில்தான். அது தெரிந்த பிறகுதான் நான் செய்தது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்? பார்த்த மாத்திரத்தில் ஒருவரைப் பற்றி முடிவு கட்டும் இந்தப் புத்தியை எப்படி மாற்றிக்கொள்வது?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

"அது தெரிந்த பிறகுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, என் பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன். அண்ணி சங்கிலியை அடகு வைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "தறி நிற்கிற நேரத்தில் இருக்கிற ஒரே நகையையும் தொடாதீர்கள்" என்று அவர் அண்ணனிடம் கண்டித்துச் சொல்லியிருந்தால்? அப்போது நீங்கள் பந்தியில் சொன்னது நியாயமாகிவிடுமா? ஆகாது. வருமானம் நின்ற வீட்டில் கடைசி நகையைக் காப்பாற்ற நினைப்பவர் பொறுப்பானவர். அண்ணி தியாகம் செய்ததால்தான் அவர் மேல் சொன்னது தப்பு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால், தியாகம் செய்யாத அடுத்தவரைப் பற்றி இதே மாதிரி மறுபடியும் பேசுவீர்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் மேல் எனக்கு இதனால்தான் வருத்தம். முரட்டுத்தனமாகத் தெரிந்தவருக்குப் பின்னால் ஒரு பெரிய சோகம் இருக்கும், அது தெரிந்ததும் எல்லோர் கண்ணிலும் நீர் வரும். நிஜத்தில் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. கையில் பணம் இல்லை, முதல் நாள் வீட்டில் சண்டை, என்ன பேசுவது என்று தெரியவில்லை, வெட்கம். சில சமயம் வெறும் சோம்பேறித்தனம். அப்படிப்பட்டவரையும் தீர விசாரிக்காமல் பேசக்கூடாது.

பந்தியில் என்ன நடந்தது என்று பாருங்கள். சீர் பெரிதாக வரும் என்று சொல்லி வைத்தது நீங்கள். நாத்தனார் கேட்கிறார், சுற்றிலும் புகுந்த வீட்டுப் பெண்கள். உடனே ஒரு பதில் வேண்டும். கூடப் பிறந்தவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. "என் அண்ணன் வீட்டு நிலைமை எனக்கே தெரியாது" என்று அத்தனை பேர் முன்னால் ஒத்துக்கொள்வதும் கஷ்டம். மிச்சம் இருந்தது அண்ணிதான். அவரைப் பற்றிச் சொன்னால் யாரும் "அப்படியா?" என்றுகூடக் கேட்க மாட்டார்கள். மருமகள் வந்துதான் பிள்ளை மாறினான் என்ற பேச்சு நம் வீடுகளில் எப்போதும் தயாராக இருக்கிறது. உங்கள் வாயில் வந்தது உங்கள் புத்தி மட்டும் இல்லை, நம் எல்லோருடைய வழக்கமும்தான். உங்கள் நாத்தனார் வீட்டில் உங்களைப் பற்றியும் ஒருநாள் இதே வாக்கியம் சொல்லப்படலாம்.

சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை மறுபடி வாசித்துப் பாருங்கள். பாண்டியன் கெட்ட அரசன் அல்ல. அந்த நேரத்தில் அவனுடைய தேவி ஊடலில் எழுந்து போயிருக்கிறாள். அவளைச் சமாதானம் செய்ய அவன் போய்க்கொண்டிருக்கிறான். காணாமல் போன அவளது சிலம்போடு கள்வன் அகப்பட்டான் என்று பொற்கொல்லன் வந்து நிற்பதும் அப்போதுதான். அரசனுக்கு அந்த நிமிடத்தில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டு வாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டான். தேவியின் சிலம்பில் பரல் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். முன்னாலேயே ஒன்றை உடைத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஆனால் அவனுக்கு வசதியான பதில் கிடைத்துவிட்டது, அதற்கு மேல் விசாரிக்கத் தோன்றவில்லை.

எனக்கு அதில் காவலர்கள்தான் இன்னும் உறுத்தல். கோவலனை நேரில் பார்த்ததும், இவன் கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்று அவர்களே சொல்கிறார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பொற்கொல்லன் கேலி செய்து பேசப் பேச, அந்தச் சந்தேகம் கரைந்துபோகிறது. கோவலனிடம் "இந்தச் சிலம்பு யாருடையது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கடைசியில் கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான். உங்கள் பந்தியிலும் "ஏன் வந்த கையோடு கிளம்புகிறீர்கள்?" என்று அண்ணியை யாராவது கேட்டார்களா?

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்து ஜான் டார்லி, டேனியல் பாட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது, 1973ல் வெளியானது. பக்கத்துக் கட்டடத்தில் போய்ப் பேசச் சொல்லி மாணவர்களை ஒவ்வொருவராக அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசற்படியில் துவண்டு கிடந்து இருமிக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். மாணவர்களில் ஒரு பாதிப் பேர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவிய ஒருவனைப் பற்றிய பைபிள் கதையான நல்ல சமாரியன் உவமையைப் பற்றி! தாண்டிப் போனவரை எதிரே நின்று பார்த்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? "பாதிரியாகப் படிக்கிறான், ஈரமே இல்லை" என்றுதான். அவரை யாரோ அவசரப்படுத்தி அனுப்பியது நம் கண்ணுக்குத் தெரியாது.

சரி, மாற்றிக்கொள்வது எப்படி என்று கேட்டீர்கள். மனதில் தோன்றும் முதல் எண்ணத்தைத் தடுக்க யாராலும் முடியாது, அதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். அதை மூன்றாவது மனுஷியிடம் சொல்லாமல் இருக்கத்தான் பழக வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்னதை அப்புறம் நாமே காப்பாற்ற வேண்டியிருக்கும். ஆவணியிலிருந்து தை வரை அண்ணி போன் செய்யாததும், செய்தபோது சுருக்கமாக வைத்ததும் எல்லாம் உங்கள் வாக்கியத்துக்குச் சாட்சியாகத்தான் தெரிந்திருக்கும்.

இன்னொன்று, கண்ணால் பார்த்தது எது என்று பிரித்துப் பாருங்கள். கடைசி நேரத்தில் வந்தார்கள், ஐந்து தட்டு, அண்ணி அதிகம் பேசவில்லை, சாப்பிடவில்லை. இவ்வளவும் உண்மை. "அந்தம்மா விடவில்லை" என்பதை நீங்கள் பார்க்கவில்லை. சங்கிலி இல்லாத கழுத்தோடு விசேஷத்துக்கு வந்த ஒரு பெண், நாலு பேர் தோள் இடிக்க உட்காரும் பந்தியில் எப்படி உட்காருவார்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓரமாக நின்றிருப்பார். இதுவும் என் ஊகம்தான், அண்ணியைக் கேட்டால்தான் தெரியும்.

அடிக்கிறவன், ஏமாற்றுகிறவன் விஷயத்தில் இந்தப் பொறுமை எதுவும் தேவையில்லை. அங்கே உடனே விலகுவதுதான் சரி. நான் பேசுவது அண்ணி, நாத்தனார், பக்கத்து வீடு, கூட வேலை செய்கிறவர்கள் பற்றி.

அண்ணியை நேரில் போய்ப் பாருங்கள், போனில் வேண்டாம். சுற்றி வளைக்காமல், பந்தியில் என்ன சொன்னீர்களோ அதே வார்த்தைகளில் அவரிடம் சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும், அன்றே சமாதானமாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், அன்று கேட்டுக்கொண்டிருந்த அதே பெண்களிடமும் போய், "அண்ணியைப் பற்றி நான் தெரியாமல் பேசிவிட்டேன்" என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவர் காதில் மட்டும் மன்னிப்புக் கேட்டால், பழி உங்கள் புகுந்த வீட்டில் அப்படியே இருக்கும். ஆனால் அடகு விஷயத்தை அங்கே சொல்லாதீர்கள். "பாவம், சங்கிலியை அடகு வைத்து..." என்று தொடங்கத்தான் தோன்றும், சொன்னால் எல்லோரும் உடனே அண்ணி பக்கம் சாய்வார்கள். ஆனால் அண்ணன் வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் இருவருடைய முடிவு.