குத்துச்சண்டையில் பணத்தை எப்படிப் பங்கு போடுகிறார்கள்? ஜெயித்தவருக்குத்தானே அதிகம்?

இல்லை. பெரிய சண்டைகளில் பங்கு முன்கூட்டியே பேசி முடிந்துவிடும். தோற்றவர் அதிகம் வாங்கியதும் உண்டு. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் திருவிழாவுக்குச் செண்டை மேளத்தையும் நையாண்டி மேளத்தையும் சேர்த்துக் கூப்பிட்டால், யாருக்காகக் கூட்டம் வரும் என்பதை வைத்துத்தான் சம்பளம் பேசுவார்கள். இங்கும் அதே கணக்கு.

மேவெதர், பாக்கியாவ் என்ற இரண்டு குத்துச்சண்டை நட்சத்திரங்களின் கதையைப் பாருங்கள். முதலில் சரிபாதி என்றுதான் பேச்சு. அது ஊக்கமருந்துக்கான ரத்தப் பரிசோதனைத் தகராறில் முறிந்தது. 2012இல் மேவெதர் 4 கோடி டாலர் மொத்தமாகத் தருவதாகச் சொன்னார். ஆனால் கட்டணத் தொலைக்காட்சி (சண்டையைப் பார்க்க வீட்டுக்கு வீடு தனியாகக் காசு கட்டுவது) வருமானத்தில் பங்கு கிடையாது. பெரிய காசே அதில்தானே! பாக்கியாவ் மறுத்தார். அந்த டிசம்பரில் மார்க்கேஸ் என்ற வீரரிடம் நாக்அவுட் ஆனதும் அவருடைய பேரம் பேசும் பலம் குறைந்தது. கடைசியில் 2015 மே 2 அன்று லாஸ் வேகஸில் 60க்கு 40 என்று மோதினார்கள், மேவெதருக்கே பெரிய பங்கு.

பட்டத்துக்கான கட்டாயச் சண்டையில், அதாவது சாம்பியன் குறிப்பிட்ட போட்டியாளரோடு மோதியே ஆக வேண்டிய சண்டையில், பேச்சு படியாவிட்டால், பட்டம் தரும் அமைப்பு சண்டையை நடத்தும் உரிமையை ஏலம் விட்டு, வரும் பணத்தைத் தன் விதிப்படி பிரிக்கும்.

எனக்குப் பிடித்த பேரம் 1987இல் லெனர்ட் என்ற வீரர், சாம்பியன் ஹேக்லரோடு மோதுவதற்காகப் பேசியது. பெரிய பங்கை ஹேக்லருக்கு விட்டுவிட்டு, 12 சுற்று, அகலமான மேடை, கனமான கையுறை என்று கேட்டு வாங்கினார். அப்புறம் ஜெயித்தது லெனர்ட்தான்.