போதை மருத்துவச் சங்கத்தில் சேரலாமா? – கேள்வி பதில்

பினாங்கில் மனநல மருத்துவராக இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் குடி, சியாபு (மெத்தம்ஃபெட்டமின்), ஹெராயின் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்கள். அடிக்‌ஷன் சைக்கியாட்ரிக்கென்று (போதைப் பழக்கத்துக்கான மனநல மருத்துவம்) உள்ள சங்கங்களில் சேரலாமா என்று இளம் மருத்துவர்கள் கேட்பது கூடிக்கொண்டே போவதால், கேள்விகளை மொத்தமாக வாங்கிப் பதில் எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை: நோயாளி யார் என்று ஊகிக்கக்கூடிய எதையும் கேள்வியில் எழுதாதீர்கள். நம் சமூகம் சிறியது. ஊரையும் தொழிலையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கோலாலம்பூர், மனநல மருத்துவ மாஸ்டர்ஸ் மூன்றாம் ஆண்டு: டாக்டர், அடிக்‌ஷன் பக்கம் போக ஆசை. அமெரிக்கச் சங்கம், உலகச் சங்கம், நம் ஊர்ச் சங்கம் என்று பல இருக்கின்றன. எதில் சேர்வது? சேர்ந்தால் உண்மையில் என்ன கிடைக்கும்?

முதலில் எது எது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் அமெரிக்கச் சங்கம் என்பது ஏ.ஏ.ஏ.பி.யாக (அமெரிக்கப் போதை மனநல மருத்துவ அகாடமி) இருக்கும். 1985-இல் தொடங்கியது, மனநல மருத்துவர்களை மையமாகக் கொண்டது. அடிக்‌ஷன் பற்றிய ஆய்விதழ் ஒன்றையும் நடத்துகிறார்கள். அமெரிக்காவில் இது தனி உட்பிரிவு. மனநல மருத்துவப் பயிற்சி நான்கு ஆண்டு, அதற்கு மேல் ஓராண்டு ஃபெலோஷிப், அப்புறம் தேர்வு. அந்தத் தேர்வு 1993 முதல் நடக்கிறது. அங்கேயே ஆசாம் (அமெரிக்கப் போதை மருத்துவச் சங்கம்) என்று இன்னொன்று உண்டு. அதில் எந்தத் துறை மருத்துவரும் சேரலாம். உலக அளவில் இருப்பது 1999-இல் தொடங்கிய ஐசாம் (சர்வதேசப் போதை மருத்துவச் சங்கம்). பிரிட்டன் ராயல் கல்லூரியில் அடிக்‌ஷனுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. நம் ஊரில் மலேசிய மனநல மருத்துவச் சங்கமும், போதை மருத்துவத்துக்கென்று ஏ.எம்.ஏ.எம். சங்கமும் உள்ளன.

என்ன கிடைக்கும் என்று கேட்டீர்கள். ஒரு கேஸ் சொல்கிறேன், விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு சங்கத்தின் கேஸ் கலந்தாய்வுக்கு இளம் மருத்துவர் ஒருவர் இதைக் கொண்டுவந்தார். மெத்தடோனில் (ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மருந்து) பல மாதமாக நன்றாக இருந்தவர், வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். திடீரென்று டோஸ் பத்தவில்லை என்கிறார். வியர்வை, கொட்டாவி, மூக்கு ஒழுகல், கையில் புல்லரிப்பு, ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வார்டில் எல்லாரும் “பழைய புத்தி, கூடுதல் மருந்துக்கு நடிக்கிறார்” என்று முடிவு கட்டிவிட்டார்கள். கலந்தாய்வில் மூத்தவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி: “டிபி மருந்து தொடங்கினீர்களா?” ஆமாம், இரண்டு வாரத்துக்கு முன்பு. டிபி மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடும், மெத்தடோன் வழக்கத்தைவிட வேகமாக உடைந்துபோகும். மனிதர் நடிக்கவில்லை, உண்மையான வித்டிராவலில் (உடம்பில் மருந்து குறைந்ததால் வரும் உபாதை) கிடந்தார். டோஸைப் படிப்படியாக ஏற்றினார்கள். அதே மூத்தவர் இன்னொன்றும் சொல்லியனுப்பினார்: டிபி சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போது மெத்தடோனை மறக்காமல் இறக்குங்கள், இல்லாவிட்டால் அதே டோஸ் மூச்சை நிறுத்திவிடும்.

இது பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். ஆனால் முப்பது பேர் வெளியே காத்திருக்கும்போது புத்தகம் வந்து பேசாது, கேட்க ஆள் வேண்டும். அதற்குத்தான் சங்கம். ஆகவே உங்களுக்கு என் பதில்: இந்த ஆண்டு உள்ளூர்ச் சங்கத்தில் சேருங்கள், கூட்டங்களுக்குப் போங்கள், கேஸ் கொண்டுபோங்கள். மாஸ்டர்ஸ் முடிக்கும் நேரத்தில், ஃபெலோஷிப் எண்ணம் உறுதியாக இருந்தால், வெளிநாட்டுச் சங்கம் ஒன்றில் பயிற்சி மருத்துவருக்கான குறைந்த கட்டணத்தில் சேரலாம்.

கிள்ளான், எம்.ஓ. (மருத்துவ அதிகாரி): ஏ.ஏ.ஏ.பி. உறுப்பினரானால் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

போடாதீர்கள். பணம் கட்டி உறுப்பினராவது வேறு, படித்துத் தேர்வெழுதித் தகுதி பெறுவது வேறு. நோயாளியின் மனைவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பெயர்ப்பலகையில் எழுத்துகளைப் பார்த்து, பெரிய படிப்பு என்று நம்பி, கையிலிருக்கிற நகையை அடகு வைத்துவிட்டு வருவார். நம் நாட்டில் நீங்கள் நிபுணரா என்பதைச் சொல்வது தேசிய நிபுணர் பதிவேடு. சங்கத்தின் சந்தா ரசீது அதைச் சொல்லாது.

பட்டர்வொர்த், ஓர் அம்மா: என் மகன் சியாபு எடுக்கிறான். இந்தச் சங்கங்களில் எந்தச் சங்கத்து டாக்டர் நல்லவர் என்று சொல்லுங்கள் ஐயா.

அம்மா, சங்கத்தைப் பார்க்க வேண்டாம். பினாங்கு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முதலில் பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதாரக் கிளினிக்) காட்டினால் அவர்களே கடிதம் கொடுப்பார்கள். அவன் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. தூங்காமல், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் கிளினிக்குக்குக் காத்திருக்காமல் நேரே எமர்ஜென்சி. அவனைக் கட்டிப்போடுகிற இடம் எதிலும் விட்டுவிடாதீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ், தனியார் கிளினிக் மருத்துவர்: கோபித்துக்கொள்ளாதீர்கள் டாக்டர். மனநல மருத்துவர்களுக்கு மட்டும் தனிச் சங்கம் எதற்கு? இந்த நாட்டில் புப்ரனோர்ஃபினை (மெத்தடோன் போல இன்னொரு மாற்று மருந்து) முதலில் கையில் எடுத்தது எங்களைப் போன்ற ஜி.பி.க்கள் (பொது மருத்துவர்கள்). அரசாங்க மெத்தடோன் 2005-இல்தான் வந்தது. இன்றைக்கு மாநாட்டுக்குப் போனால் எங்களைப் பின்வரிசையில் உட்கார வைக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் வரலாறு சரி. அரசு கிளினிக்குகளில் மெத்தடோன் வருவதற்கு முன்பே உங்கள் வாசலில்தான் நோயாளிகள் நின்றார்கள். போதைக்காரன் என்று எல்லாரும் கை கழுவிய காலத்தில் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னது ஜி.பி.க்கள். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அதே வரலாற்றின் மறுபாதியையும் பார்க்க வேண்டும். அந்த மாத்திரையைப் பொடித்து, மிடாஸோலம் என்ற தூக்க மருந்தோடு கலந்து நரம்பில் ஏற்றிக்கொண்டவர்களை நாங்கள் வார்டில் பார்த்தோம். தொடையில் சீழ், இரத்தக்குழாய் அடைப்பு, காலை எடுக்க வேண்டிய நிலை. 2006 வாக்கில் தனி புப்ரனோர்ஃபின் மாத்திரை போய், நாலாக்ஸோன் (ஊசியில் ஏற்றினால் போதையைத் தடுப்பது) கலந்தது வந்தது இதனால்தான். அந்த ஜி.பி.க்கள் கெட்டவர்கள் இல்லை. அவரவர் கிளினிக்கில் தனித்தனியாக இருந்தார்கள். பக்கத்துத் தெரு மருத்துவர் அதே ஆளுக்கு அதே மாத்திரையைக் கொடுக்கிறார் என்பதே தெரியாமல் இருந்தார்கள். ஆகவே உங்களுக்குச் சங்கம் எங்களைவிட அதிகம் தேவை.

கோலாலம்பூர், மனநல மருத்துவர்: ஜி.பி. நண்பருக்கு ஒரு வார்த்தை. குடிகாரர் ஒருவர் “வாழப் பிடிக்கவில்லை” என்று சொன்னால் அது குடியா, மனச்சோர்வா என்று பிரித்துப் பார்ப்பது தனிப் பயிற்சி. அதற்காகத்தான் எங்களுக்குத் தனி இடம்.

பிரிக்பீல்ட்ஸ் மருத்துவர் மீண்டும்: நீங்கள் பிரித்துப் பார்ப்பதற்குள் அவருக்கு அப்பாய்ண்ட்மெண்ட் மூன்று மாதம் தள்ளிப்போகிறதே. அதுவரை அவரை யார் பார்ப்பது?

இரண்டு பேரும் சொல்வது உண்மை, அதனால்தான் இந்த வாதம் முடிவதில்லை. பிரித்துப் பார்ப்பது தனிப் பயிற்சிதான். குடியை நிறுத்திய முதல் வாரத்தில் தெரியும் சோர்வில் பாதி, மூன்று நான்கு வாரத்தில் தானே வடிந்துவிடும். வடியாமல் நிற்பதுதான் மருந்து கேட்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் முதல் நாளே மாத்திரை எழுதுவதும் தவறு, “குடியை விடு, எல்லாம் சரியாகும்” என்று அனுப்பிவிடுவதும் தவறு. ஆனால் அந்த நான்கு வாரம் அவரைக் கண்ணில் வைத்திருப்பவர் யார்? ஜி.பி., அல்லது கிளினிக் கெசிஹாத்தான் எம்.ஓ., அல்லது மெத்தடோனை அளந்து கொடுக்கும் மருந்தாளர். “வாழப் பிடிக்கவில்லை” என்றால் என்னென்ன கேட்க வேண்டும், எப்போது அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும். எங்கள் கூட்டத்தில் அவர்கள் இல்லையென்றால் நாங்கள் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்?

செந்தூல், ஆலோசகர்: நானும் ஒரு காலத்தில் ஹெராயின் எடுத்தவன். இப்போது மீட்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் தங்களுக்குள் சண்டை போடுகிறீர்கள். எங்களுக்கு அந்த அறையில் நாற்காலி உண்டா அண்ணே?

உண்டாக வேண்டும் தம்பி. டோஸ் முடிவு மருத்துவருடையது. ஆனால் ஒருவர் ஏன் வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கியதும் காணாமல் போகிறார் என்பது உங்களுக்குத் தெரிகிற அளவுக்கு எங்களுக்குத் தெரியாது. மருத்துவர் அல்லாதவர்களையும் இணை உறுப்பினராகச் சேர்க்கிற சங்கங்கள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள். மருத்துவர்களுக்கும் சொல்கிறேன்: இந்த ஆண்டு ஒரே ஒரு சங்கத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், எல்லாரும் கலந்திருக்கிற சங்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மனநல மருத்துவர்கள் மட்டும் கூடும் இடம் இரண்டாவதாக இருக்கட்டும். கோலாலம்பூர் நண்பர் இதை ஏற்கமாட்டார் என்று தெரியும்.

கோலாலம்பூர் மனநல மருத்துவர்: ஏற்கவில்லைதான். கலந்த கூட்டத்தில் சிக்கலான கேஸ்களை ஆழமாகப் பேச நேரம் கிடைப்பதில்லை.

சரி. அந்தக் குறை எனக்கும் உண்டு. அதனால்தான் இரண்டாவது சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சுங்கைப் பட்டாணி, எம்.ஓ.: சேர்ந்தால் என்ன எழுத்துப் போடலாம்?

கிள்ளான்காரருக்குச் சொன்னதுதான்.

பினாங்கு, மருந்தாளர்: அமெரிக்கச் சங்கத்தின் புப்ரனோர்ஃபின் பயிற்சியை முடித்தால் இங்கே அது செல்லுமா?

அறிவுக்குச் செல்லும், அனுமதிக்குச் செல்லாது. அமெரிக்காவில் அந்த மருந்துக்கென்று இருந்த தனி அனுமதி முறையும் 2023 முதல் இல்லை. இங்கே நம் சுகாதார அமைச்சின் விதிகள்தான்.

பாலிக் புலாவ், செவிலியர்: கெத்தும் (கிராத்தோம் இலைச் சாறு) குடிப்பவர்களைப் பற்றி இந்தச் சங்கங்களில் பேசுவார்களா?

வெளிநாட்டார் நம்மிடம்தான் கேட்கிறார்கள். உங்கள் தீவிலேயே இருக்கிற யுஎஸ்எம் போதை ஆய்வு மையம் கெத்தும் பற்றி ஆண்டுக்கணக்காக ஆய்வு செய்கிறது. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஷா ஆலம், எம்.ஓ.: உறுப்பினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நோயாளியின் இரத்தப் பரிசோதனையைப் போட்டுக் கேட்கலாமா? ஐசி (அடையாள அட்டை) எண்ணை மறைத்துவிட்டேன்.

மருத்துவமனைப் பெயர், வார்டு, தேதி, நேரம்? அவற்றையும் மறைத்தீர்களா? படமே வேண்டாம். எண்களை மட்டும் தட்டச்சு செய்யுங்கள். “நாற்பதுகளில் ஓர் ஆண்” போதும். லாரி ஓட்டுகிறார், இரண்டாம் தாரம், மாமனார் கோயில் தலைவர் என்பதெல்லாம் சிகிச்சைக்குத் தேவையில்லை. குடிப்பழக்கத்துக்காக மருத்துவரிடம் வந்தது வெளியே தெரிந்ததால் வேலை போனவர்கள் இருக்கிறார்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஜோர்ஜ்டவுன், ஹவுஸ்மேன் (பட்டம் முடித்துப் பயிற்சியில் இருக்கும் மருத்துவர்): உறுப்பினர் சான்றிதழ் மாஸ்டர்ஸ் நேர்முகத் தேர்வில் உதவுமா? பெயருக்குப் பின்னால்…

எழுத்து பற்றி இனிப் பதில் கிடையாது. நேர்முகத் தேர்வில் சான்றிதழைவிட, அந்தச் சங்கத்தின் கூட்டத்தில் நீங்கள் கேட்ட ஒரு கேஸைப் பற்றிப் பேச முடிந்தால் உதவும்.

அதே ஹவுஸ்மேன்: சம்பளத்தில் கார் கடன், பி.டி.பி.டி.என். கல்விக் கடன் எல்லாம் போகிறது. இப்போதே சேர வேண்டுமா டாக்டர்?

வேண்டாம். உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் திறந்திருக்கிற கூட்டங்கள் உண்டு. ஓராண்டு அவற்றுக்குப் போங்கள். அங்கே உங்கள் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்களா, சங்கத்தின் செலவை யார் ஏற்கிறார்கள், மருந்து கம்பெனி பேச்சாளரே மேடையில் நிற்கிறாரா என்று பாருங்கள். இந்தத் துறையில்தான் இருக்கப்போகிறேன் என்று தோன்றினால் மாஸ்டர்ஸ் தொடங்கியதும் சேருங்கள்.