கடை பிராட்பேண்டில் பொது வைஃபை கொடுக்கலாமா? கொடுங்கள், ஆனால் பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டாதீர்கள்

கேள்வி: காரைக்குடிப் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வாங்கிய பிராட்பேண்ட் இணைப்பிலிருந்தே வருகிறவர்களுக்கு வைஃபை கொடுக்கலாமா? லைசென்ஸ் வேண்டுமா? காசு வாங்கலாமா?

கொடுக்கலாம். கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டு முகப்பை வாடகைக்குப் பிடித்து ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறேன். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற பிள்ளைகள் இன்று என் ஹாட்ஸ்பாட்டில்தான் வகுப்பு பார்க்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு சும்மா போக முடியவில்லை.

ரவுட்டர் பாஸ்வேர்டை எழுதிச் சுவரில் ஒட்டினால் போதும் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை போன் இருந்தாலும் வெளியே தெரிவது உங்கள் இணைப்பின் முகவரி ஒன்றுதான். எவனாவது அதில் மோசடி வேலை பார்த்தால், விசாரணை வந்து நிற்பது பில்லில் பெயர் இருக்கிறவரிடம். 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் போன மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டில்லாமல் கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகத்தான் போனது. அந்த வீட்டுக்காரர் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். பயமுறுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், உள்ளதைச் சொல்கிறேன்.

முறையான வழி இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பிஎம்-வாணி என்ற பொது வைஃபை திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் வைஃபை கொடுக்கும் உங்களைப் போன்ற கடைக்காரருக்குப் பெயர் பிடிஓ (பப்ளிக் டேட்டா ஆபீஸ்). லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம், கட்டணமும் கிடையாது. உங்களைப் போன்ற பல கடைகளைச் சேர்த்து நடத்தும் பிடிஓஏ என்று ஒரு நிறுவனம் உங்களுக்கு மேலே இருக்கும், தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டியது அவர்கள்தான். வருகிறவர் தன் போனில் செயலி வழியாகத் தன்னை உறுதி செய்துகொண்டு உள்ளே வருவார். யார் எப்போது வந்தார் என்ற கணக்கு பிடிஓஏவிடம் நிற்கும்.

முன்பெல்லாம் இந்தத் திட்டத்துக்கு என்று இணைப்புக் கேட்டால், சின்னக் கடைக்காரனிடமும் லீஸ்டு லைன் (பெரிய நிறுவனங்கள் தனக்கென்று எடுக்கும் தனி இணைப்பு) எடு என்று பெரிய விலை சொன்னார்கள். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு வரம்பு போட்டது: 200 எம்பிபிஎஸ் வரையான ஃபைபர் திட்டங்களுக்கு, வீடுகளுக்கு விற்கும் விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் பிடிஓவிடம் வாங்கக் கூடாது. இணைப்புக் கொடுக்கிறவர் மழுப்பினால் இதைச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுத் திட்டத்தை வாங்கி அப்படியே அடுத்தவருக்கு விற்பது அவர்கள் நிபந்தனைக்கு ஒத்துவராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம், சுவர். செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய நம் சுவர்களைத் தாண்டுவதற்குள் சிக்னல் செத்துவிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அடுத்த கட்டுக்கே போகாது, 2.4 தட்டுத் தடுமாறிப் போகும். இணைப்புக் கொடுக்க வந்த பையன் இன்னும் பெரிய ரவுட்டராக வாங்குங்கள் என்றான். ரவுட்டர் மட்டும் பெரிதாக இருந்து என்ன, போனிலிருந்து பதில் சிக்னல் திரும்பி வர வேண்டாமா? தேவை, திண்ணையிலேயே தனியாக ஓர் அக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டி), ரவுட்டரிலிருந்து அதுவரைக்கும் கேபிள்.

சுவரில் துளை போட்டு இழுக்கலாம் என்றான். வீட்டுக்கார ஆச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "தம்பி, எங்க மாமியார் காலத்துலேருந்து இந்தச் செவுத்துல ஒரு ஆணி அடிச்சதில்ல. நீங்க வேற வழி பாருங்க."

ஆச்சி சொன்னது முழுக்க நியாயம். அந்தச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும், கையை வைத்தால் வெயில் காலத்திலும் சில்லென்று இருக்கும். அதில் துளைபோடும் கருவியை வைத்தால் துளையோடு நிற்காது, சுற்றிலும் விரிசல் விட்டு ஏடு ஏடாகப் பெயரும். அதைத் திரும்பப் பூச ஆள் தேடிக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் கேபிளை ஜன்னல் கம்பி வழியாக வெளியே எடுத்து, தேக்கு உத்திரத்தின் மேல் விளிம்பிலேயே ஓட்டி, ஆணியே இல்லாமல் நூல் கயிற்றால் கட்டி, திண்ணைக் கூரைக்குக் கொண்டுவந்தோம். கீழே நின்று பார்த்தால் தெரியாது. ஆச்சி வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

இதைச் சொல்லும்போது மனசு வேறு எங்கோ போகிறது. ஓர் ஆணிக்கு இப்படிப் பதறுகிற வீடுகள் இருக்கிற இதே ஊர்களில், பங்காளிச் சண்டையில் வீட்டையே இடித்துத் தூணும் நிலையும் கதவும் தனித்தனியாக விலைக்குப் போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனால் யாரோ ஒரு குடும்பத்தின் வாசல் நிலை விலைச்சீட்டோடு சாத்திக் கிடக்கும். வயிறு எரிகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எல்லார் போனிலும்தான் நெட் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்பவர்களும் இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டவனுக்கு இரண்டு வீடியோ வகுப்பிலேயே பாதி தீர்ந்துவிடும். அப்புறம் மாதிரித் தேர்வு எழுதுவது எதில்?

அமைக்கும்போது சிலதை விடாதீர்கள். உங்கள் பில்லிங் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கிற நெட்வொர்க் வேறு, பொதுமக்கள் வருகிறது வேறு என்று பிரித்துவிடுங்கள். ஒருவர் போன் இன்னொருவர் போனைப் பார்க்க முடியாதபடி ரவுட்டர் அமைப்பில் ஐசொலேஷன் என்று இருப்பதைப் போடுங்கள். தலைக்கு இவ்வளவு வேகம் என்று வரம்பு வையுங்கள், இல்லாவிட்டால் ஒருத்தர் படம் இறக்கினால் மற்றவர்கள் வகுப்பு நிற்கும். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் போடுங்கள், கரண்ட் போனாலும் வகுப்பு ஓடும்.

காசு வாங்கலாம். செயலி வழியாகக் கூப்பன் விற்கலாம், பிடிஓஏவோடு பங்கு பேசிக்கொள்ள வேண்டியதுதான். நான் படிக்கிற பிள்ளைகளிடம் வாங்குவதில்லை, பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களிடம் வாங்குகிறேன். அது உங்கள் கடை வசதியைப் பொறுத்தது.